ரத்த ஸ்டெம் செல்லைக் காக்கும் மரபணுக்கள்: பெருகச் சொல்வதைவிடப் பொறுக்கச் சொல்வதே அதிகம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருடைய ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, அவற்றில் ரத்த உறைவுக் காரணி 8-க்கான மரபணுவைச் சேர்த்து, அவர்களுக்கே திருப்பிச் செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. அதற்கு ஓராண்டு முன்புதான் அரிவாள் செல் நோய்க்கான மரபணுத் திருத்தச் சிகிச்சை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இன்னொரு பக்கம், குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைக்கச் சொல்லும் விளம்பரங்கள். மூன்றிலும் அடிபடுவது ஒரே செல்தான்: எல்லா ரத்தச் செல்களுக்கும் மூலமான ரத்த ஸ்டெம் செல். அதற்குத் தரப்படும் விளக்கமும் ஒன்றேதான்: தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் செல்.

இதைப் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வருவது நியாயம். தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்றால், ஒரு துளி எடுத்து ஆய்வகத்தில் ஒரு குடமாக்கிவிடலாமே? தானம் தருபவரை ஏன் தேட வேண்டும்? பல ஆண்டு முயற்சிக்குப் பிறகும் ஏன் அது எளிதாகக் கைகூடவில்லை?

ஸ்டெம் செல்லுக்குப் பெருகத் தெரியாது என்பதல்ல காரணம். பெருகவிடாமல் பிடித்து வைக்கும் மரபணுக்களால்தான் அது ஸ்டெம் செல்லாகவே இருக்கிறது. பிடியைத் தளர்த்தினால் செல் பெருகும்; ஆனால் பெருகி வருவது பெரும்பாலும் ஸ்டெம் செல்லாக இருக்காது, சில சமயம் புற்றுநோயாக இருக்கும்.

எத்தனை செல், எவ்வளவு வேலை

வளர்ந்த ஒருவரின் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள், தட்டணுவுக்கு 8 முதல் 10 நாள், நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுவுக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஆகவே உற்பத்தி ஒரு வாரம் நின்றாலே உடல் தாங்காது.

இவ்வளவுக்கும் மூலமான ஸ்டெம் செல்கள் எத்தனை? 59 வயதான ஒருவரின் ரத்தச் செல்களில் சேர்ந்திருந்த மரபணுப் பிறழ்வுகளைப் படித்து, அவற்றிலிருந்து செல்களின் வம்சாவளியை வரைந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, வேலையில் இருப்பவை 50,000-இலிருந்து 2 லட்சம் வரை என்று மதிப்பிட்டது. சிவப்பணு எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதிலும் ஒவ்வொன்றும் பல மாதங்களுக்கு ஒருமுறைதான் பிரிகிறது. எலியில் மிக ஆழ்ந்து உறங்கும் வகை சுமார் 145 நாளுக்கு ஒருமுறை பிரிவதாக 2008-இல் கணக்கிட்டார்கள். அதன் ஆயுள் முழுக்கச் சேர்த்தால் 5 முறை.

உற்பத்தியின் பாரத்தைச் சுமப்பது, ஸ்டெம் செல்லுக்கும் முதிர்ந்த ரத்தச் செல்லுக்கும் நடுவில் நிற்கும் முன்னோடிச் செல்கள். ஒரு செல் 20 முறை இரட்டித்தால் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆதலால் மேலே இருக்கும் செல் அவசரப்படத் தேவையில்லை. பிரியும் ஒவ்வொரு முறையும் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பில் பிழை வரும். ஸ்டெம் செல்லில் விழுந்த பிழை வாழ்நாள் முழுக்கத் தொடரும். பிரியாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

1. சுய புதுப்பித்தல்: பிரியும்போது பிறக்கும் இரு செல்களில் ஒன்றாவது தாய்ச்செல்லைப் போலவே ஸ்டெம் செல்லாக இருப்பது. தினமும் தயிர் தோய்க்கும் வீட்டில் நாளைக்கென்று ஒரு கரண்டி உறைமோர் எடுத்து வைப்பார்களே, அதுபோல. வெறும் பெருக்கம் வேறு, இது வேறு. பெருகிய அத்தனையும் உருமாறிப்போனால் உறைமோர் தீர்ந்தது.

2. பராமரிப்பு: ஸ்டெம் செல்களின் தொகை குறையாமலும் கூடாமலும் ஆண்டுக்கணக்கில் நிற்பது. இதில் சுய புதுப்பித்தலும் அடங்கும். உறங்குவதும், சாகாமல் இருப்பதும், இடம்விட்டு நகராமல் இருப்பதும் அடங்கும்.

3. உறக்கநிலை: செல் பிரிவுச் சுழற்சிக்குள் நுழையாமல் வெளியே நிற்கும் நிலை. செத்த நிலையல்ல, தேவை வந்தால் எழும்.

4. இருப்பிடம்: மஜ்ஜைக்குள் ஸ்டெம் செல்லைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்ச் செல்கள், அவற்றை ஒட்டிய இணைப்புத்திசுச் செல்கள், அவை சுரக்கும் புரதங்கள் எல்லாம் சேர்ந்த சூழல். இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1978-இலேயே முன்வைத்தவர் ரே ஸ்கோஃபீல்ட்.

சுய புதுப்பித்தல் எவ்வளவு நுணுக்கமான தராசு என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். பிறக்கும் ஒவ்வொரு செல்லும் ஸ்டெம் செல்லாகவே நீடிக்கும் வாய்ப்பு சரியாக 50 சதவீதமாக இருந்தால் தொகை மாறாது. அது 52 ஆனால் 100 சுற்றுப் பிரிவுகளில் தொகை சுமார் 50 மடங்காகும். 48 ஆனால் 100 சுற்றுகளில் 2 சதவீதம்கூட மிஞ்சாது. மேலே 2, கீழே 2. ஒரு பக்கம் ரத்தப் புற்று, மறுபக்கம் வறண்ட மஜ்ஜை. கீழே வரும் மரபணுக்களில் பல இந்தத் தராசின் ஏதோ ஒரு தட்டில் கை வைத்திருப்பவை.

ஒரு செல் ஸ்டெம் செல்தான் என்று எப்படித் தெரியும்?

கனடாவின் டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லோக் இருவரும் 1961-இல் வெளியிட்ட சோதனையிலிருந்துதான் இதெல்லாம் தொடங்குகிறது. கதிர்வீச்சில் மஜ்ஜை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். சுமார் 10 நாள் கழித்து மண்ணீரலில் முடிச்சு முடிச்சாகத் திரள்கள். செலுத்திய செல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப முடிச்சுகளும் கூடின. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லின் வாரிசு என்பது 1963-இல் உறுதியானது.

அந்த முடிச்சுகளில் பெரும்பாலானவை முன்னோடிச் செல்லிலிருந்து வந்தவை, உண்மையான ஸ்டெம் செல்லிலிருந்து அல்ல என்று பிறகு தெரிந்தது. அதனால் சோதனை கடுமையாயிற்று. இன்று ஏற்கப்படும் முறை இது:

1. கொடை எலியும் பெறும் எலியும் சிடி45 என்ற மேற்பரப்புப் புரதத்தின் வெவ்வேறு வடிவங்களைக் கொண்டவையாக இருக்க வேண்டும். அப்போதுதான் யாருடைய செல் எது என்று பிரித்தறியலாம்.

2. பெறும் எலியின் மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்து, சோதிக்க வேண்டிய செல்களைச் செலுத்த வேண்டும். கூடவே, எலி உடனே சாகாதிருக்கக் கொஞ்சம் சாதாரண மஜ்ஜையும்.

3. குறைந்தது 16 வாரம் காத்திருக்க வேண்டும். முன்னோடிச் செல்களும் சில வாரங்கள் ரத்தம் உண்டாக்கும். அவை தீர்ந்த பிறகும் ஓடுவதுதான் ஸ்டெம் செல்லின் ரத்தம். 4 வார முடிவைக் காட்டி யாராவது ஸ்டெம் செல் என்றால் நம்ப வேண்டாம்.

4. அந்த எலியின் மஜ்ஜையை எடுத்து இரண்டாவது எலிக்கு மாற்ற வேண்டும். அங்கும் எல்லா வகை ரத்தச் செல்களும் வந்தால்தான் சுய புதுப்பித்தல் நடந்தது என்று பொருள்.

இப்படி மாற்றிக்கொண்டே போனால் இயல்பான எலிச் செல்கள் நான்கைந்து சுற்றுகளில் களைத்துவிடும். ஆகவே சுய புதுப்பித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. மனிதச் செல்களை இதே வழியில், எதிர்ப்பாற்றல் நீக்கப்பட்ட எலிகளில் சோதிக்கிறார்கள்.

மருத்துவமனையில் இவ்வளவுக்கு நேரமில்லை. அங்கே சிடி34 என்ற புரதம் உள்ள செல்களை எண்ணுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 20 லட்சம் சிடி34 செல்கள் குறைந்தபட்சம், 50 லட்சம் இருந்தால் நிம்மதி. ஆனால் சிடி34 உள்ளவற்றில் மிகச் சிறு பங்குதான் உண்மையான ஸ்டெம் செல். செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால் வருவது.

உருவாக்குவது ஒன்று, காப்பது இன்னொன்று

கருவில் முதல் ரத்த ஸ்டெம் செல்கள் பெருந்தமனியின் உட்சுவரிலிருந்து மொட்டுவிட்டுப் பிறக்கின்றன. இந்த மாற்றத்துக்கு ரன்எக்ஸ்1 என்ற மரபணு கட்டாயம். அது இல்லாத எலிக்கரு, நிலையான ரத்த உற்பத்தி தொடங்காமல் இறந்துவிடும். எஸ்சிஎல் மரபணுவும் அப்படித்தான். வியப்பு அடுத்ததில்: ஸ்டெம் செல் உருவான பிறகு இவற்றை நீக்கினால் செல் உடனே அழிவதில்லை. எஸ்சிஎல் இல்லாமலும் நீண்டகாலச் சுய புதுப்பித்தல் தொடர்ந்ததாக 2003-இல் காட்டினார்கள். வீடு கட்டும் கொத்தனார் குடியிருந்து காவல் காப்பதில்லை.

காவலுக்கு நிற்பவற்றில் கேட்டா2 முக்கியமானது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இதன் இரண்டு படிகளில் ஒன்று கெட்டாலே போதும், நோய் வரும். முதலில் மோனோசைட், பி செல், இயற்கைக் கொல்லிச் செல் எண்ணிக்கைகள் சரியும். அடங்காத மருக்கள், காசநோய்க் கிருமியின் உறவினரான வேறு மைக்கோபாக்டீரியங்களின் தொற்று, சிலருக்குக் கால்வீக்கம் அல்லது காது கேளாமை. பின்னர் மஜ்ஜைக் கோளாறு, ரத்தப் புற்று. தனித்தனி நோய்களாக எண்ணியிருந்த பலவற்றுக்கும் வேர் இந்த ஒரே மரபணு என்பது 2011-இல்தான் தெரிந்தது. ஒரு படி மீதியிருந்தும் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டெம் செல்லில் இத்தகைய புரதங்களின் அளவே செய்தி.

மீகாம் மரபணுவும் இதே வரிசையில் வருகிறது. இதில் பிறழ்வுள்ள சில குழந்தைகளுக்கு முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகளும் ஒட்டியிருக்கும், உள்ளங்கையைத் திருப்ப வராது. கூடவே மஜ்ஜை வறட்சி. தட்டணு குறைந்த குழந்தையின் முன்கையைத் திருப்பிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

முதல் பூட்டு: உறக்கம்

ஸ்டெம் செல்லை உறங்க வைப்பதில் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு. பிரிவுச் சுழற்சியின் இயந்திரத்தையே நேரடியாகப் பிடித்து நிறுத்துவது பி57. ஜிஎஃப்ஐ1 இல்லாத எலியில் ஸ்டெம் செல்கள் அளவுக்கு மீறிப் பிரிகின்றன. மாற்றிப் பொருத்தினால் தோற்கின்றன. அதிகம் உழைத்த செல்தான் வலிமையான செல் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப் போகிறது.

எல்லாவற்றையும் விரித்துச் சொல்வதைவிட இரண்டை நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது எம்பிஎல். இது த்ராம்போபொயட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி. ஹார்மோனைப் பெரும்பாலும் கல்லீரல் சுரக்கிறது. பெயருக்கேற்ப, தட்டணு உற்பத்தியைத் தூண்டுவது அதன் வேலை என்றே நெடுநாள் கருதப்பட்டது. ஆனால் எம்பிஎல்லின் இரு படிகளும் கெட்டுப் பிறக்கும் குழந்தைகளைப் பாருங்கள். பிறந்த சில நாளில் தோலில் சிவப்புப் புள்ளிகள், கன்றிப்போன திட்டுகள்: தட்டணு மட்டும் மிகக் குறைவு, மற்றவை சரி. சில ஆண்டுகளில் ஹீமோகுளோபின் இறங்கும், வெள்ளணு இறங்கும். மஜ்ஜையில் ஊசியிட்டு எடுத்தால் கொழுப்பு மட்டும் வரும். தட்டணுவுக்கான மரபணு என்று நினைத்தது ஸ்டெம் செல்லின் பராமரிப்புக்கே தேவைப்படுகிறது என்பதற்கு இந்தக் குழந்தைகளே சான்று. ரத்தத்தில் த்ராம்போபொயட்டின் அளவு மிக உயர்ந்திருக்கும். கேட்கும் காதுதான் இல்லை. தீர்வு, மஜ்ஜை மாற்று.

இதே ஏற்பியைத் தூண்டும் எல்ட்ரோம்போபேக் மாத்திரை தட்டணு குறைவுக்காக வந்தது. வேறு சிகிச்சைக்கு மசியாத மஜ்ஜை வறட்சி நோயாளிகள் 25 பேருக்குத் தந்தபோது 11 பேருக்குக் குறைந்தது ஒரு வகை ரத்தச் செல்லாவது உயர்ந்தது என்று 2012-இல் வெளியான ஆய்வு சொன்னது. சிலருக்கு மூன்று வகையும் உயர்ந்தன.

இரண்டாவது பிடென். செல்லுக்குள் வளர்ச்சிச் சமிக்ஞையை அடக்கும் மரபணு. 2006-இல் வளர்ந்த எலிகளில் இதை நீக்கிப் பார்த்தார்கள். முதலில் ஸ்டெம் செல்கள் விழித்துப் பெருகின. சில வாரங்களில் அவை தீர்ந்துபோயின. அதே எலிகளில் ரத்தப் புற்றும் வந்தது. ஒரே பூட்டை உடைத்ததில் நல்ல செல் தீர்ந்தது, கெட்ட செல் பெருகியது. அந்தச் சமிக்ஞையைக் கீழ்நிலையில் தடுக்கும் ராப்பமைசின் மருந்து கொடுத்தபோது இரண்டும் ஓரளவு சீரானது. இதைவிடத் தெளிவான பாடம் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

விழித்த செல் ஏன் களைக்கிறது? விழித்ததும் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா வேகமெடுக்கும், ஆக்ஸிஜனின் வினைமிகு கழிவுகள் சேரும், அவை டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். கழிவை அடக்கி வைப்பது ஃபாக்ஸ்ஓ குடும்ப மரபணுக்களும் ஏடிஎம் மரபணுவும். இவை இல்லாத எலிகளில் ஸ்டெம் செல்கள் தேய்ந்தன. என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற எதிர்ஆக்ஸிகரணியைக் கொடுத்ததும் தேறின. மரபணு கெட்டிருந்தும் வேதிப்பொருள் ஒன்று கைகொடுத்தது என்றால், கொன்றது அந்தக் கழிவுதான். (இதைப் படித்துவிட்டு ஆன்ட்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். எலியில் அந்த மரபணுக்களே நீக்கப்பட்டிருந்தன.)

பிரிந்த பிறகு: அடையாளத்தை நினைவில் வைத்திருப்பது

எழுந்து பிரிந்தாயிற்று. பிறந்த செல் தான் ஸ்டெம் செல் என்பதை எப்படி மறக்காமலிருக்கிறது? டிஎன்ஏ எழுத்து எல்லாச் செல்லிலும் ஒன்றுதான். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதே வேறுபாடு. ஆகவே இந்த வேலை, டிஎன்ஏவில் மூடி போடும், மூடி எடுக்கும் மரபணுக்களுடையது.

பிஎம்ஐ1 மூடி போடும் கூட்டத்தைச் சேர்ந்தது. இது மூடி வைக்கும் இடங்களில் ஒன்று பி16, பி19 என்ற இரு தடைப் புரதங்களுக்கான இடம். பிஎம்ஐ1 இல்லாத எலிக்கருவின் கல்லீரலில் ஸ்டெம் செல் எண்ணிக்கை இயல்பாகவே இருந்தது. மாற்றிப் பொருத்தியபோது கொஞ்ச காலம் ரத்தம் உண்டாக்கி நின்றுவிட்டன. அதாவது உருவானதில் குறையில்லை, புதுப்பிக்கத்தான் தெரியவில்லை. 2003-இல் வந்த இந்த முடிவு, சுய புதுப்பித்தல் என்பது தனியே கழற்றிப் பார்க்கக்கூடிய ஒரு திறன் என்று காட்டியது. இங்கே பிடி வேறு மாதிரி: உறக்கத்துக்குத் தடை வேண்டும், ஆனால் நிரந்தரமாக முடக்கும் தடை கூடாது. முதுமையில் எலி ஸ்டெம் செல்களில் பி16 ஏறுவதும் இதனோடு பொருந்துகிறது.

டிஎன்எம்டி3ஏ எதிர்த்திசையில் வேலை செய்வது. டிஎன்ஏவில் மெத்தில் குறி வைத்து, ஸ்டெம் செல்லுக்குரிய பக்கங்களை மூடி, செல்லை உருமாற விடுவது அதன் பணி. அதை நீக்கினால் செல் ஸ்டெம் செல்லாகவே நிற்கிறது, முதிர மறுக்கிறது. இயல்பான செல் நான்கைந்து மாற்றுகளில் களைக்க, இந்த மரபணு இல்லாத எலிச் செல்கள் 12 முறை மாற்றியும் நின்றன. சாகாவரம் போலத் தோன்றும். ஆனால் ரத்தம் உண்டாக்காத ஸ்டெம் செல்லால் யாருக்கு என்ன பயன்?

விதையும் மண்ணும்

மரபணு என்றதும் ஸ்டெம் செல்லுக்குள் இருப்பதை மட்டுமே நினைக்கிறோம். மூலக்கூறு உயிரியல் வளராத காலத்திலேயே இரண்டு எலி வகைகள் இதைத் திருத்திவிட்டன. டபிள்யூ எனப்படும் எலிக்கும் ஸ்டீல் எனப்படும் எலிக்கும் ஒரே தோற்றம்: ரத்தசோகை, வெளிறிய உரோமம், மலட்டுத்தன்மை. டபிள்யூ எலிக்கு நல்ல மஜ்ஜையைச் செலுத்தினால் ரத்தசோகை தீர்ந்தது. ஸ்டீல் எலிக்குத் தீரவில்லை. ஆனால் ஸ்டீல் எலியின் மஜ்ஜையை டபிள்யூ எலிக்குக் கொடுத்தால் அது குணமாயிற்று.

காரணம் பின்னால் வந்தது. டபிள்யூ எலியில் கெட்டது கிட் என்ற ஏற்பி. அது ஸ்டெம் செல்லின் மேல் இருப்பது. ஸ்டீலில் கெட்டது அந்த ஏற்பியில் பொருந்தும் எஸ்சிஎஃப் புரதம்; அது இருப்பிடத்துச் செல்கள் தருவது. ஒன்றில் விதை பழுது, மற்றதில் மண் பழுது.

மண்ணிலிருந்து வரும் இன்னொரு கயிறு சிஎக்ஸ்சிஎல்12. ஸ்டெம் செல்லின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியைப் பிடித்து மஜ்ஜைக்குள்ளேயே கட்டி வைக்கிறது. தானம் தருபவரிடமிருந்து செல் எடுக்கும்போது அவிழ்ப்பது இந்தக் கயிற்றைத்தான். ஜி-சிஎஸ்எஃப் ஊசியைக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் 4 அல்லது 5 நாள் போட்டால் கட்டு தளர்ந்து செல்கள் ரத்தத்துக்கு வரும். அதற்கும் வராதவர்களுக்கு, ஏற்பியை நேரடியாக அடைக்கும் பிளெரிக்சஃபோர்.

பூட்டு தளர்ந்த மனிதர்கள்

52 சதவீதக் கணக்கு ஏட்டில் மட்டும் இல்லை. 2014-இல் பெரிய அளவில் நடந்த மரபணு வாசிப்புகள், எந்த நோயும் இல்லாத 70 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, ரத்தத்தின் கணிசமான பகுதி ஒற்றை ஸ்டெம் செல்லின் வாரிசாக இருப்பதைக் காட்டின. 40 வயதுக்குக் கீழே இது அரிது. பிறழ்ந்திருந்த மரபணுக்களில் முதலிடம் டிஎன்எம்டி3ஏ, பிறகு டெட்2, ஏஎஸ்எக்ஸ்எல்1. மூன்றுமே, முன்பு பார்த்த மூடி போடும், மூடி எடுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். 2022-இல் வந்த இன்னோர் ஆய்வின்படி, 75 வயதைத் தாண்டியவர்களின் ரத்தத்தில் 30 முதல் 60 சதவீதம் வெறும் 12 முதல் 18 செல் குலங்களிலிருந்து, அதாவது ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்லின் வாரிசான திரள்களிலிருந்து, வருகிறது.

இது புற்றுநோய் அல்ல. ஆண்டுக்கு 0.5 முதல் 1 சதவீதம் பேருக்கே ரத்தப் புற்றாக மாறுகிறது. எதிர்பாராதது இதயம்: இந்த நிலை உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. டெட்2 பிறழ்ந்த ஸ்டெம் செல்லிலிருந்து வரும் மேக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்குசெல்கள் தமனிச் சுவரில் அழற்சியைக் கூட்டுவது எலிகளில் தெரிந்தது. ஆனால் நோய் ஏதுமில்லாதவர் பணம் கொடுத்து இதற்குச் சோதனை செய்துகொள்வதால் இன்று பெரிய லாபமில்லை. கண்டறிந்தாலும் இதற்கென்று உறுதியான மருந்து கிடையாது.

பூட்டை நாமே தவறுதலாக உடைத்த கதையும் உண்டு. பாரிசிலும் லண்டனிலும் பிறவி எதிர்ப்பாற்றல் குறைவுள்ள 20 குழந்தைகளுக்கு மரபணு சேர்த்த ஸ்டெம் செல் தரப்பட்டது. பெரும்பாலோருக்கு எதிர்ப்பாற்றல் வந்தது. ஆனால் 5 பேருக்குச் சில ஆண்டுகளில் ரத்தப் புற்று. மரபணுவைச் சுமந்து சென்ற வைரஸ், அவர்களில் பெரும்பாலோரிடம் எல்எம்ஓ2 மரபணுவின் பக்கத்தில் அமர்ந்து அதை முடுக்கிவிட்டிருந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்தது இன்னும் விளக்கமானது. வெள்ளணுக்களால் கிருமியைச் சரியாகக் கொல்ல முடியாத நாள்பட்ட கிரானுலோமா நோயுள்ள இருவருக்குச் சிகிச்சை. முதல் மாதங்களில் திருத்தப்பட்ட செல்கள் எண்ணிக்கையில் ஏறிக்கொண்டே போனது. அது நல்ல செய்தியாகத்தான் தெரிந்தது. பிறகு பார்த்தால், ஏறியவை மீகாம் பகுதியில் வைரஸ் அமர்ந்த குலங்கள். சேர்த்த மரபணுவோ மெத்தில் குறி விழுந்து மௌனமாகிவிட்டது. நோய்க்கான மருந்து அணைந்தது, செல்லைப் பெருக்கும் சுவிட்ச் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இருவருக்கும் 7-ஆவது குரோமோசோம் ஒன்று காணாமல்போய் மஜ்ஜைக் கோளாறு வந்தது. திருத்திய செல்கள் வேகமாகக் கூடுகின்றன என்ற செய்தியைப் பார்த்தால், எத்தனை குலங்களிலிருந்து என்று கேட்க வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. மரபணுவைச் சுமக்க இப்போது பயன்படும் லென்டிவைரஸ்கள் இதில் அவற்றைவிடப் பாதுகாப்பானவை; ஆனாலும் மூளையைத் தாக்கும் அட்ரினோலுகோடிஸ்ட்ரஃபி நோய்க்கான சிகிச்சையில் 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்று வந்ததாக 2024-இல் பதிவாகியிருக்கிறது. அவர்களில் பலரிடமும் அதே மீகாம்.

ஆய்வகத் தட்டில் என்ன தவறுகிறது

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். சிடி34 செல்களை 37 டிகிரியில், எஸ்சிஎஃப், த்ராம்போபொயட்டின், எஃப்எல்டி3 லிகாண்ட் ஆகிய தூண்டு புரதங்களை மில்லிலிட்டருக்குச் சுமார் 100 நானோகிராம் வீதம் சேர்த்து வளர்த்தால் ஒரு வாரத்தில் செல்கள் பல மடங்காகும். ஆனால் 16 வார எலிச் சோதனையில் தோற்கும். ஏன்?

1. தட்டில் போட்டதும் செல் விழிக்கிறது. ஊட்டமும் ஆக்ஸிஜனும் மஜ்ஜையில் இல்லாத அளவு. உறக்கப் பூட்டு முதலில் போகிறது.

2. அடையாள மரபணுக்கள் மங்குகின்றன. எம்எல்எல்டி3 என்ற மரபணுவின் வெளிப்பாடு வளர்ப்பில் சரிவதையும், அதைத் திரும்ப ஏற்றினால் மாற்றிப் பொருத்தத்தக்க மனித ஸ்டெம் செல்கள் 12 மடங்குக்கு மேல் கூடுவதையும் 2019-இல் லாஸ் ஏஞ்சலஸில் காட்டினார்கள்.

3. ஊடகமே நஞ்சாகிறது. வளர்ப்பில் சேர்க்கும் ஆல்புமின் புரதத்தில் ஒட்டி வரும் அசுத்தங்கள் செல்லை உருமாறத் தூண்டுகின்றன. அதற்குப் பதில் பாலிவினைல் ஆல்கஹால், அதாவது பசையில் இருக்கும் சாதாரணப் பாலிமர், போட்டபோது எலி ஸ்டெம் செல்கள் ஒரு மாதத்தில் 236 முதல் 899 மடங்கு வரை கூடின. மனிதச் செல்லுக்கு அது அப்படியே ஒத்துவரவில்லை. வேறு பாலிமரும், எம்பிஎல் ஏற்பியைத் தூண்டும் சிறு மூலக்கூறும் சேர்த்து, சைட்டோகைன் எனப்படும் அந்தத் தூண்டு புரதங்கள் ஏதுமில்லாமல் வளர்க்கும் முறை 2023-இல் வந்தது. மீண்டும் எம்பிஎல்.

தொப்புள்கொடி ரத்தத்தின் இடர் இங்கே விளங்கும். மாற்று சிகிச்சைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி உட்கருவுள்ள செல்கள் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 150 கோடி. ஒரு பையில் அவ்வளவு கிடைப்பது அரிது. நிக்கோட்டினமைடு சேர்த்துப் பெருக்கிய தொப்புள்கொடிச் செல் தயாரிப்பு ஒன்று 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது தொழிற்சாலையில் நடக்கும் வேலை. சேமித்த பையை நாளை எப்படியும் பெருக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பணம் கட்டுவது சரியல்ல. அதோடு, பிறவி ரத்தநோய் உள்ள குழந்தையின் பையில் இருப்பதும் அதே பழுதான மரபணுதான்.

மரபணுத் திருத்தத்தில் இன்னொரு சிக்கல். மரபணுக் கத்தரி டிஎன்ஏவை வெட்டும்போது, டிஎன்ஏ சேதத்துக்கு எதிராகக் காவல் நிற்கும் பி53 விழித்துக்கொள்கிறது. செல்லை நிறுத்துகிறது அல்லது சாகடிக்கிறது. பி53-ஐ அடக்கினால் அதிகச் செல் பிழைக்கும், ஆனால் சேதத்தோடு பிழைக்கும். அதனால் கூடுமானவரை 2, 3 நாளுக்குள் வேலையை முடித்துச் செல்லை உறைய வைத்துவிடுகிறார்கள்.

வேலூர் சிகிச்சை கல்லீரலை விட்டு ஸ்டெம் செல்லைத் தேர்ந்ததன் தர்க்கமும் சுய புதுப்பித்தலே. மரபணுவைச் சுமந்து கல்லீரலுக்குப் போகும் ஏஏவி என்ற வைரஸ் பெரும்பாலும் குரோமோசோமில் சேர்வதில்லை, செல் பிரியும்போது நீர்த்துப்போகும். லென்டிவைரஸ் வைத்த மரபணு ஸ்டெம் செல்லின் டிஎன்ஏவிலேயே சேர்ந்து, அது புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கூடவே படியெடுக்கப்படும். சுய புதுப்பித்தல் நின்றால் சிகிச்சையும் நின்றது.

தானம் தருபவரின் மரபணு

மஜ்ஜை வறட்சி வந்த பிள்ளைக்கு அண்ணனோ தங்கையோ பொருந்தினால் வீட்டில் நிம்மதி வரும். இங்கேதான் நிதானம் வேண்டும். கேட்டா2, ரன்எக்ஸ்1 பிறழ்வுகள் ஒரு படியில் வந்தாலே போதும். அது பெற்றோரிடமிருந்து வந்ததென்றால், பொருந்திய உடன்பிறப்புக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு. அவருக்கு இன்று எண்ணிக்கை இயல்பாக இருக்கலாம். அவருடைய செல்லை மாற்றினால் நோயையும் சேர்த்தே மாற்றியதாகும்.

டிஎன்ஏ பழுதுபார்ப்பு கெட்ட ஃபான்கோனி ரத்தசோகையும் எம்பிஎல் நோயும் இரு படிகளும் கெட்டால் வருபவை. அக்கா மகள், மாமன் மகள் திருமணங்கள் வழக்கமாயுள்ள குடும்பங்களில் இவற்றின் வாய்ப்பு கூடுதல். ஃபான்கோனியில் உடன்பிறப்புகளின் ரத்தத்தை மைட்டோமைசின் போன்ற வேதிப்பொருளோடு வளர்த்து, குரோமோசோம்கள் உடைகின்றனவா என்று பார்க்க வேண்டும். கைவிரல் இயல்பாக இருக்கிறது, உயரம் சரியாக இருக்கிறது என்று வெளித்தோற்றத்தை மட்டும் பார்ப்பது போதாது. பெறுபவருக்கோ இன்னொரு கணக்கு. வழக்கமான மஜ்ஜை வறட்சிக்கு மாற்றுக்கு முன் சைக்ளோஃபாஸ்ஃபமைடு கிலோவுக்கு மொத்தம் 200 மில்லிகிராம் தருவார்கள். ஃபான்கோனி குழந்தைக்கு அந்த அளவு உயிரைப் பறிக்கும். 20 முதல் 40 மில்லிகிராமே போதும். அதனால் குரோமோசோம் உடைவுச் சோதனையின் முடிவு, மருந்துச்சீட்டு எழுதுவதற்கு முன் கைக்கு வந்திருக்க வேண்டும்.